ஆசிரியர் பதில்: காத்திருத்தலின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

‘ஆசிரியரின் மரணம்’ பற்றித் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தார்கள். ரொலான் பார்த் 1967இல் எழுதிய சின்னஞ்சிறு கட்டுரை அது. இங்கே வந்து இறங்கியபோது அமைப்பியல், பின்அமைப்பியல் என்று பெரிய பெரிய மூட்டைகளோடு இறங்கியது. அந்த விவாதங்களைப் பழைய இதழ்களின் ஜெராக்ஸ் பிரதிகளில் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. படிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். செத்தது எந்த ஆசிரியர்? தமிழில் நூல் செய்தவன் ஆசிரியன். பத்திரிகை நடத்துகிறவரும் ஆசிரியர். வகுப்பில் பாடம் எடுக்கிறவரும் ஆசிரியர். பிரெஞ்சில் இதற்கு மூன்று தனித்தனிச் சொற்கள் உண்டு, எனவே பார்த்துக்குக் குழப்பம் இல்லை. நமக்கு உண்டு. பார்த் கொன்றது நூலாசிரியனை. இதழாசிரியரும் பேராசிரியரும் அந்தக் கொலையில் தப்பித்துவிட்டார்கள். தப்பித்ததோடு, பல்கலைக்கழக ஆய்விதழ் என்று ஒன்று வந்த பிறகு இருவரும் பெரும்பாலும் ஒரே ஆளாகவும் ஆகிவிட்டார்கள்.

இந்தச் சொல்விளையாட்டோடு தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பதினான்கு மாதங்களுக்கு முன் ஓர் ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். இதழின் பெயர் வேண்டாம். கட்டுரை பாயிரங்களைப் பற்றியது. அதாவது ஒரு நூல் சபையேறும்போது அதற்கு யார் சான்று சொல்வது, ஏன் சொல்வது என்பது பற்றியது. ‘தங்கள் கட்டுரை கிடைத்தது, மதிப்பீட்டில் உள்ளது’ என்று எந்திரம் எழுதிய ஒரு வரி அன்று மாலையே வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. லாஸ்பேட்டையில் நாங்கள் நாலைந்து பேர் கூடும் டீக்கடையில் இது ஒரு தீராத வேடிக்கை.

“என்ன தோழர், உங்க கட்டுரை என்னாச்சு?”

“பார்வையில இருக்கு.”

“யாரு பார்வையில?”

அதுதான் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் முறை. ‘இருவழி மறைவு மதிப்பீடு’ என்று அதற்குப் பெயர். நான் யாரென்று அவருக்குத் தெரியாது, அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தமிழ்த்துறை அளவு சின்ன உலகத்தில் பாயிரம் பற்றி எழுதுகிற பத்துப் பேரில் இது யார் என்று கண்டுபிடிக்க முடியாத மதிப்பீட்டாளர் இருந்தால் அவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

லாஸ்பேட்டை காத்திருப்பதற்கு ஏற்ற இடம். 1765 முதல் 1777 வரை இங்கே கவர்னராக இருந்த ழான் லா என்ற பிரெஞ்சுக்காரர் பெயரால் அமைந்த ஊர் என்பார்கள். இங்கே ஒரு விமான நிலையம் இருக்கிறது, பல ஆண்டுகள் விமானத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. தாகூர் கலைக் கல்லூரி, காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையம், மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஆகவே ஆய்வாளர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் அதிகம். தெருவுக்கு ஒருவராவது ஏதோ ஒரு பதிலை எதிர்பார்த்து போனைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். (கோடோவை இங்கே இழுத்து வரப்போவதில்லை. பெக்கெட்டின் ஆட்களுக்கு வேலை நேர்காணல் கிடையாது.)

*

பார்த்தே காத்திருத்தலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1977இல் வெளிவந்த, காதலர் சொல்லாடல் பற்றிய நூலில். காத்திருப்பவன் எவனோ அவனே காதலன் என்கிற அளவுக்குப் போகிறார். மற்றவரைக் காக்க வைப்பது எல்லா அதிகாரத்துக்கும் உரிய சலுகை என்றும் சொல்கிறார். ஒரு சீனக் கதையையும் சொல்கிறார். ஒரு மாண்டரின், அதாவது பெரிய அதிகாரி, ஒரு பெண்ணின் மேல் ஆசைப்படுகிறான். என் சன்னலுக்குக் கீழே நூறு இரவு முக்காலியில் உட்கார்ந்திரு, பிறகு நான் உன்னுடையவள் என்கிறாள். தொண்ணூற்று ஒன்பதாவது இரவில் அவன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். பிரெஞ்சில் ‘மாண்டரின்’ என்பது அதிகாரம் படைத்த பேராசிரியரைக் குறிக்கும் கேலிச்சொல்லும்கூட. கதையில் காத்திருப்பவன் மாண்டரின். நம் கதையில் மாண்டரின் சன்னலுக்கு மேலே இருக்கிறார்.

பியர் பூர்தியு இதை நேரடியாகவே சொன்னார். பல்கலைக்கழக அதிகாரம் என்பது பிறருடைய காலத்தின் மேல் உள்ள அதிகாரம் என்பது 1984இல் வந்த அவருடைய ‘ஹோமோ அகாடெமிகஸ்’ நூலின் முக்கியமான வாதங்களில் ஒன்று. ஆய்வேடு எப்போது முடியும், வேலை எப்போது வரும் என்று இளையவர்களை எதிர்பார்ப்பிலேயே வைத்திருப்பதால்தான் மூத்தவரிடம் அதிகாரம் தங்குகிறது. ஒரேயடியாக நம்பிக்கையைக் கெடுத்துவிட்டால் ஆள் போய்விடுவான். உடனே கொடுத்துவிட்டாலும் போய்விடுவான். ‘பார்க்கலாம்’ என்பதுதான் பிடித்து வைக்கிற சொல். நம் ஊர்க் கல்லூரி வராந்தாக்களில் இதை அனுபவிக்க பூர்தியு தேவையில்லை. ஆனால் இது தனிமனிதர்களின் கெட்ட குணம் அல்ல, ஒரு நிறுவனம் இயங்கும் முறை என்று பார்க்க அவர் உதவுகிறார்.

*

தமிழ் மரபில் இதற்கு என்ன இருக்கிறது? என் கட்டுரை கேட்ட கேள்வி அது. அங்கே பதில் வராததால் இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (இதுவே ‘முன்பே வெளிவந்தது’ என்று அந்தக் கட்டுரையை நிராகரிக்கக் காரணமாகலாம். ஆகட்டும், ஏதோ ஒரு பதில் வருமே.)

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் நூல் அரங்கேறிய கதையைச் சொல்கிறது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க, குற்றம் நீங்கத் தெரிவிக்கப்பட்ட நூல் அது. இந்த இடத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில்தான் சுவாரசியம். அகத்தியருக்கும் தொல்காப்பியருக்கும் மனஸ்தாபம், சாபம் வரைக்கும் போய்விட்டது. அகத்தியர் அதங்கோட்டாசானைக் கூப்பிட்டு, அவன் செய்த நூலைக் கேட்காதே என்கிறார். தொல்காப்பியரோ பல முறை போய், நீங்கள் கேட்டே ஆக வேண்டும் என்கிறார். அதங்கோட்டாசான் நடுவில் மாட்டிக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் கோபம் வராமல் இருக்க ஒரு வழி கண்டுபிடிக்கிறார்: நூலைக் கேட்பது, ஆனால் குற்றம் சொல்லிவிடுவது. அப்படியே வரிசையாகக் கேள்விகளை எழுப்புகிறார். எல்லாவற்றுக்கும் தொல்காப்பியர் விடை சொல்லிவிடுகிறார்.

உரைகாரர் கட்டிய கதை இது. வரலாறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதை கட்டியவருக்கு நம் உலகம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. மூத்த பேராசிரியர் போனில் ‘அவன் கட்டுரையைப் பார்க்காதீங்க’ என்று சொல்வதும், மதிப்பீட்டாளர் எவரையும் பகைத்துக்கொள்ளாமல் ‘திருத்தங்களுடன் மீண்டும் அனுப்புக’ என்று எழுதுவதும், எழுதினவன் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்புவதும் அந்தச் சின்னப் பத்தியில் அப்படியே இருக்கின்றன. ஒரு வித்தியாசம் முக்கியம். கெட்ட எண்ணத்தோடு கேட்க உட்கார்ந்தவர்கூட முழுவதையும் கேட்டார். கேள்வியை முகத்துக்கு நேரே கேட்டார். பதில் சொல்ல எதிராளிக்கு இடம் இருந்தது. நூலைக் காப்பாற்றியது அந்த நடைமுறை. அதங்கோட்டாசானின் நல்ல மனசுக்கு அதில் பங்கில்லை.

இரண்டாவது கதை இறையனார் அகப்பொருள் உரையில் வருவது. அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதி ஆலவாய் இறைவன் பீடத்தின் கீழ் இட்டுவிடுகிறான். இறைவனே ஆசிரியன் என்பதால் நூலை யாரும் மதிப்பிடவில்லை. மதிப்பீடு உரைக்குத்தான். சங்கத்தார் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு உரை செய்கிறார்கள். எது மெய்யுரை? அரசனிடம் போய் ஒரு காரணிகனைத் தரச் சொல்கிறார்கள். காரணிகன் என்ற இந்தச் சொல்லை நாம் விட்டது தப்பு. மதிப்பீட்டாளர், கருத்தாளர், நடுவர் என்று இப்போது தடுமாறுவதற்குப் பதில் இதையே வைத்துக்கொண்டிருக்கலாம். அரசன் கையை விரிக்கிறான்: நீங்கள் நாற்பத்தொன்பது பேர், உங்களுக்கு நிகராக ஐம்பதாவது ஆளை நான் எங்கே தேடுவேன்? இன்றைக்கு எந்த ஆய்விதழ் ஆசிரியரிடம் தனியாகப் பேசினாலும் இதைத்தான் சொல்வார். துறையில் இருப்பவர்கள் எல்லோரும் எழுதுகிறவர்கள், எல்லோரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் அல்லது வேண்டாதவர்கள். பார்க்க ஆள் இல்லை. பார்ப்பதற்குக் கூலியும் இல்லை.

கடைசியில் காரணிகனாக வருவது உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயசு. ஊமை. அந்தப் பிள்ளையை வெள்ளை உடுத்தி, வெண்பூச் சூட்டி, உட்கார வைத்து ஒவ்வொருவரும் தன் உரையை வாசிக்கிறார்கள். பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. மருதனிளநாகனார் வாசிக்கும்போது சில இடங்களில் கண்ணீர் வருகிறது. நக்கீரனார் வாசிக்கும்போது சொல்லுக்குச் சொல் கண்ணீர், மயிர்க்கூச்சு. அதுவே மெய்யுரை என்று முடிவாகிறது.

இதைப் பண்டிதர்கள் தெய்வீகம் என்று விட்டுவிடுவார்கள், பகுத்தறிவாளர்கள் மூடநம்பிக்கை என்று விட்டுவிடுவார்கள். இரண்டு பேருமே விடுகிற விஷயம் ஒன்று உண்டு. ஐந்து வயசு ஊமைப் பிள்ளைக்குத் துறையில் யாரும் வேண்டியவரில்லை. அதற்குப் பதவி உயர்வு கிடையாது. அது யார் கட்டுரையையும் அமுக்கி, அதே விஷயத்தைத் தான் எழுத முடியாது. நலன் ஏதும் இல்லாத ஒரு வாசகனை எங்கே தேடுவது என்ற கவலைக்கு அந்த மரபு கண்ட கற்பனைத் தீர்வு அது. காரணம் சொல்ல வாய் இல்லாதவன்தான் காரணிகன் என்பதில் உள்ள முரணையும் பார்க்க வேண்டும். அதங்கோட்டாசான் காரணம் கேட்டார், பதில் பெற்றார். உருத்திரசன்மனிடம் யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது. மற்ற நாற்பத்தெட்டு பேரும் ஏன் என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதை அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையும்கூட அத்தனை உரையையும் உட்கார்ந்து கேட்டது. நம் ஊமைகள் கேட்பதும் இல்லை.

தருமி கதை எல்லோருக்கும் தெரியும். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் கோயில் மண்டபத்தில் தனக்குத்தானே புலம்புகிறாரே, அதைவிட நல்ல ‘முடிவுக்குக் காத்திருத்தல்’ காட்சி தமிழில் இல்லை. தருமி கொண்டுபோனது சொந்தச் சரக்கு இல்லை என்பதை நாம் செல்லமாக மறந்துவிடுகிறோம். ஆளை வைத்து எழுதி வாங்கித் தன் பெயரில் கொடுக்கிற வழக்கத்துக்குக் குலதெய்வம் அவர்தான். எப்படியோ, குற்றம் இன்னது என்று அன்றைக்கே, அவையிலேயே அவருக்குச் சொல்லப்பட்டது.

*

இவ்வளவு சொன்னதால் பழைய அவையைப் பொற்காலமாக்குகிறேன் என்று நினைக்கக் கூடாது. அந்த அவைக்குள் யார் நுழைய முடிந்தது? ஒரு நூலுக்கு யார் யார் பாயிரம் சொல்லலாம் என்று நன்னூல் கணக்கு வைத்திருக்கிறது: எழுதியவனின் ஆசிரியன், உடன் படித்தவன், மாணாக்கன், தகுந்த உரைகாரன். எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்து ஆட்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்தவனுக்கு ஆசானும் இல்லை, சகமாணவனும் இல்லை. அவன் நிராகரிக்கப்படவே இல்லை, ஏனென்றால் அவன் நூல் சமர்ப்பிக்கப்படவே இல்லை. காத்திருப்பதுகூட உள்ளே வரிசையில் நிற்க இடம் கிடைத்தவனுக்கான சலுகைதான்.

அயோத்திதாசப் பண்டிதர் வரிசையில் நிற்கவில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தானே தொடங்கினார். அவருக்கு முன்னால் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியிருந்தார். தன் பாட்டனார் கந்தப்பன் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடிதான் ஹாரிங்டன் துரை வழியாக எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். அந்தக் கந்தப்பன் துரை வீட்டில் பட்லர். தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் செய்தியை எத்தனை காலம் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள் என்பதையும் காத்திருத்தல் கணக்கில் சேர்க்க வேண்டும். 1914இல் அவர் இறந்தார். அவருடைய எழுத்துகள் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக, ஞான அலாய்சியஸ் தொகுத்துத் தொகுதிகளாக வந்தது 1999இல். எண்பத்தைந்து வருஷம் ‘மதிப்பீட்டில்’ இருந்திருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோதும் அதைக் கொண்டுவந்தது மதுரையிலிருந்த ஒரு சமூகச் செயல்பாட்டு மையம். இலக்கியப் பதிப்பகங்கள் அன்றைக்கு அதைத் தேடி வரவில்லை.

இந்த இடத்தில் சிறுபத்திரிகைக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். நாங்கள் மாற்று என்பார்கள். ஓரளவு உண்மை. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. பிறருடைய புதுக்கவிதைகளுக்கு இடம் கொடுத்த அதே மனிதர், ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997இல், தன் முதுமையில், தானே அச்சிட வேண்டியிருந்தது. மறுவருஷம் இறந்தார். சாகித்ய அகாதெமி 2001இல் அதற்குப் பரிசு கொடுத்தது. ஆசிரியராக இருந்தவரே ஆசிரியனாக நின்று பார்த்த காத்திருத்தல் இது.

ஆனால் நாமும் சுத்தம் இல்லை. ‘படைப்புகளைத் திருப்பி அனுப்ப இயலாது, பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவும்’ என்ற வரி நம் இதழ்களின் பின்பக்கங்களில் எவ்வளவு சகஜம்! வரும் என்றோ வராது என்றோ ஒரு கார்டு போட்ட ஆசிரியர்களைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறோம் என்றால், போடாதவர்கள்தான் அதிகம் என்று அர்த்தம். நண்பர் கட்டுரை அடுத்த இதழில், தெரியாதவன் கட்டுரை ஜோல்னாப்பையில். சில சமயம் இதழே நின்றுபோய்விடும். அது மட்டும்தான் கொஞ்சம் நியாயமான தீர்ப்பு. எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறது. சாதி மறுப்பும் மையம் தகர்ப்பும் எழுதிய இதழ்கள்கூட, வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த தபாலை எப்படிக் கையாண்டன என்று யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டும். அந்த ஆய்வை எந்த இதழுக்கு அனுப்புவது என்பது வேறு கேள்வி.

*

இப்போதைய ஆய்விதழ் முறை நம்முடையது இல்லை, இயற்கையானதும் இல்லை. ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் லண்டனில் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ தொடங்கியபோது தானே படித்துத் தானே முடிவெடுத்தார். ‘நேச்சர்’ இதழே 1973இல்தான் எல்லாக் கட்டுரைகளையும் வெளி மதிப்பீட்டுக்கு அனுப்புவதை விதியாக்கியது. 1936இல் ஐன்ஸ்டைன் ரோசனோடு சேர்ந்து ஈர்ப்பலைகள் இல்லை என்று ஒரு கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’வுக்கு அனுப்பினார். ஆசிரியர் ஜான் டேட் அதை இன்னொருவரிடம் காட்டினார். அச்சிடத்தான் அனுப்பினேன், யாரிடமோ காட்ட இல்லை என்று ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு திரும்ப வாங்கிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், மதிப்பீட்டாளர் சொன்னதுதான் சரி. வேறு இதழில் 1937இல் அச்சானபோது முடிவு மாறியிருந்தது. மதிப்பீடே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. பீட்டர்ஸ், செசி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஏற்கெனவே நல்ல இதழ்களில் அச்சான பன்னிரண்டு கட்டுரைகளை எடுத்து, எழுதியவர் பெயரையும் நிறுவனத்தையும் மாற்றி, அச்சிட்ட அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். 1982இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். மிச்சம் ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. பெரிய பல்கலைக்கழகப் பெயர் போனதும் அதே பிரதி தரமற்ற பிரதியாகிவிட்டது. நமது ஊர்க் கல்லூரிப் பெயரோடு கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவில் இது வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயமாக ஆனது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிகளிலிருந்து. கட்டுரைக்கு எண் வந்தது. 2018 விதிப்படி மொழி, மானுடவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும்போது கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஆனால் எந்த இதழ் கணக்கில் வரும்? 2017இல் ஒரு பட்டியல். 2018 மே மாதம் அதிலிருந்து 4305 இதழ்களை நீக்கினார்கள். 2018 நவம்பரில் ‘கேர்’ என்று புதுப்பட்டியல் அறிவித்தார்கள், 2019இல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, சில அளவுகோல்களை மட்டும் சொல்லி, இனி நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். முனைவர் பட்டத்துக்கு ஒரு கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022இலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு பட்டியல் உயிரோடிருக்கும்போது அனுப்பிய கட்டுரை, அது செத்த பிறகும் மதிப்பீட்டில் இருக்கிறது. காத்திருப்பவன் அங்கேயே நிற்கிறான், அவன் எதற்காக நின்றானோ அந்தக் கவுண்டர் மூடியாகிவிட்டது.

எனக்கு எம்.ஏ.யோடு சரி, இந்தப் புள்ளிக் கணக்கு என்னைத் தொடாது. என் நண்பர் ஒருவரைத் தொட்டது. கௌரவ விரிவுரையாளர், நாற்பதை நெருங்குகிறவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவருடைய நல்ல கட்டுரை ஒன்று ஓர் இதழில் பதினோரு மாதம் கிடந்தது. நேர்காணல் தேதி வந்துவிட்டது. வேறொரு இடத்தில் மூவாயிரம் ரூபாய் கட்டினார். ஆறாவது நாள் ‘ஏற்கப்பட்டது’ என்று கடிதம், மதிப்பீட்டாளர் இருவரும் பாராட்டியதாக. அனுப்பியது வேறு ஒரு பழைய கட்டுரை, அதில் ஒரு பக்கம் இரண்டு முறை வந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

“அக்கா, இப்படிப் பண்ணிட்டீங்களே” என்றேன்.

“நீ காத்திரு தம்பி, உனக்கு என்ன. என்னைக் காத்திருக்க வைக்கிறவங்களுக்கு மாசச் சம்பளம் வருது, எனக்கு மே மாசம் சம்பளம் கிடையாது” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு அச்சடிக்கும் இதழ்களைக் கண்டித்து எழுதுவது சுலபம், நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. அவை விற்பது அச்சை மட்டும் இல்லை. காத்திருப்பிலிருந்து விடுதலையையும் சேர்த்து விற்கின்றன. நல்ல இதழ் பதில் சொல்லாமல் இருப்பதும் கெட்ட இதழ் ஆறு நாளில் பாராட்டுவதும் எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் கட்டுரையை யாரும் படிக்கவில்லை. முதலாவது உண்டாக்கும் பசியில்தான் இரண்டாவது பிழைக்கிறது.

இதில் பூட்டு ஒன்றும் இருக்கிறது. ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது என்பது ஒழுக்க விதி. அனுப்பும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். மதிப்பீட்டாளர் இலவசமாக உழைக்கிறார், அந்த உழைப்பு வீணாகக் கூடாது. நியாயம். ஆனால் ஒப்பந்தம் ஒருபக்கம்தான் கட்டுகிறது. நான் வேறிடம் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். இத்தனை நாளில் பதில் சொல்வேன் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. குத்தகைச் சீட்டில்கூட இரண்டு பக்கமும் ஏதாவது இருக்கும். ‘நினைவூட்டினால் கோபித்துக்கொள்வார்களோ’ என்ற பயம் வேறு. கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், பதினான்கு மாதம் போட்ட முதல் போய்விடும். முக்காலியில் தொண்ணூறு இரவு உட்கார்ந்தவனுக்குத்தான் எழுந்திருப்பது கஷ்டம்.

கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் கட்டுரை எழுதியவருக்கே திரும்பியதாகப் பொருள், யாரிடமும் கேட்காமல் வேறிடம் அனுப்பிக்கொள்ளலாம் என்று இதழின் முகப்புக்குப் பின் ஒரு வரி. ஏற்காவிட்டால் ஏன் என்று நாலு வரி, எழுதியவர் விடை சொல்ல ஒரு வாய்ப்பு. மானியக் குழு இதைச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய இதழ்களிடமும் முதலில் கேட்கப் போவதில்லை. நாம் நடத்துகிற இதழ்களில், இந்தப் பக்கங்கள் உட்பட, அந்த ஒரு வரியைப் போட முடியுமா? ஆள் இல்லை, காசு இல்லை, ஆசிரியர் வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் படிக்கிறார், எல்லாம் தெரியும். ‘படிக்க முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். அதை எழுதாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

தொல்காப்பியர் அதங்கோட்டாசானிடம் எத்தனை தடவை போனார் என்று நச்சினார்க்கினியர் எண்ணிச் சொல்லவில்லை. பல முறை என்று மட்டும் இருக்கிறது. நான் இதுவரை நான்கு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவதை இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியோடு சேர்த்து அனுப்புகிறேன்.